நனையாத படப்பு

தீயணைப்பு வேலைக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. போலீஸுக்குத்தான் எழுதினேன். போலீஸ், சிறைக்காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் ஒரே தேர்வு. மார்க்குக்குத் தகுந்த சட்டையைக் கொடுப்பார்கள். எனக்குக் கிடைத்தது இது. ஆண்டிபட்டியில் எங்கள் தெருவில் ஒருவர், "எங்கன தீப்பிடிக்கும்னு காத்துக்கிட்டே உக்காந்திருக்கணுமாக்கும்?" என்று கேட்டார். கேலிதான். ஆனால் வேலையைப் பற்றி எனக்கும் அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

பயிற்சியில் கயிறு, ஏணி, குழாய் என்று மாதக்கணக்கில் புரட்டி எடுத்தார்கள். பிறகு கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு நிலையத்தில் போட்டார்கள். அதன் பெயரை விட்டுவிடுகிறேன். நாலு பக்கமும் நெல்லும் தென்னையும் திராட்சையும். வானம் பார்த்த பூமியான ஆண்டிபட்டிக்காரனுக்கு அவ்வளவு பச்சையைப் பார்த்தால் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகக்கூட இருக்கும். எனக்கு இருந்தது.

வந்த புதிதில் நான் அணைத்த தீயைவிடக் கொளுத்திய தீதான் அதிகம். சொன்னால் சிரிப்பார்கள். இங்கே எங்களுக்கு வருகிற போன்களில் கிணற்றில் விழுந்த மாடு, அடுப்படிக்குள் பாம்பு, இவற்றுக்கு அடுத்தபடி கதண்டு. தென்னை மரத்தின் தலையில் பானை அளவுக்குக் கூடு கட்டும் விஷ வண்டு. பத்து கொட்டினால் ஆளைச் சாய்த்துவிடும். அதை அழிக்கப் பொழுது சாய வேண்டும், எல்லா வண்டும் கூட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். நீளமான மூங்கிலின் நுனியில் துணியைச் சுற்றி, எண்ணெயில் முக்கி, பற்ற வைத்துக் கூட்டின் வாயில் பிடிப்போம். தீயணைப்பு வண்டியில் ஏறிப் போய்த் தீ வைத்துவிட்டு வருகிற உத்தியோகம்.

அந்த வீட்டிலிருந்து மூன்று முறை போன் வந்திருந்தது. வயல்காட்டு ஓரத்தில் தனி வீடு. கணவர் மலைக்கு மேலே, கேரளாவில் ஏலக்காய்த் தோட்டத்து வேலை. மாதம் ஒருமுறை வருவார். வீட்டில் அந்த அம்மாவும் பள்ளிக்கூடம் போகிற மகளும் இரண்டு கறவை மாடுகளும். மகளைக் கதண்டு கொட்டி, முகம் வீங்கி, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாள். அதிலிருந்து வீட்டுக்குப் பின்னால் போகவே பயம் என்றார் அந்த அம்மா.

நிலைய அலுவலரும் வந்திருந்தார். கூடு இருந்த தென்னையிலிருந்து பதினைந்து எட்டு தூரத்தில் வைக்கோல் படப்பு, ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிய போர். அடுத்த அறுவடைவரை இரண்டு மாட்டுக்கும் அதுதான் தீனி. அலுவலர் என்னைக் கூப்பிட்டு, "கங்கு பறந்து விழும். மரத்தடியையும் படப்பையும் நல்லா நனைச்சு விடு" என்றார். அது எங்கள் வேலையின் முதல் பாடம். கொளுத்துவதற்கு முன்னால், எரியக்கூடியது எதுவோ அதை நனை.

நான் குழாயை இழுத்துக்கொண்டு போனேன். மரத்தடியை நனைத்தேன். படப்புப் பக்கம் திரும்பும்போது அந்த அம்மா ஓடி வந்தார்.

"தம்பி, படப்ப மட்டும் நனைச்சிராதீக. நனைஞ்சா மாடு வாய் வைக்காது."

எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நனைந்த வைக்கோல் புழுங்கிப்போகும், பூசணம் பிடிக்கும், மாடு முகர்ந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். எங்கள் வீட்டிலும் மாடு இருந்தது. மழை பொய்த்த வருடங்களில் இந்தப் பள்ளத்தாக்கு வைக்கோல்தான் லாரியில் எங்கள் பக்கம் வரும். அப்பா அதைக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்துப் போடுவார். சிந்தியதைக் கூட்டி அள்ளி மறுபடி போடுவார். அப்படி வளர்ந்தவன் கையில் குழாயைக் கொடுத்து ஒரு முழுப் படப்பை நனைக்கச் சொன்னால் கை வராது. பதினைந்து எட்டு தூரம் இருக்கிறது, காற்றும் இல்லை என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். படப்பைச் சுற்றித் தரையை மட்டும் நனைத்தேன்.

"ஆச்சா?" என்று அலுவலர் வண்டிப் பக்கமிருந்து கேட்டார்.

"ஆச்சு சார்."

கூடு நன்றாக எரிந்தது. வண்டுகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. மட்டையைச் சுற்றியிருந்த காய்ந்த பன்னாடை சிலதும் தீப்பற்றி விழுந்தது, அதையெல்லாம் தரையிலேயே அணைத்துவிட்டோம். அந்தச் சிறுமி சன்னலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குழாயைச் சுருட்டி, மூங்கிலை வண்டியில் கட்டிக்கொண்டிருந்தோம். அந்த அம்மா டீ போட்டுக் கொண்டுவந்தார். நான் பாதி குடித்திருப்பேன், படப்பின் பின்பக்கத்திலிருந்து புகை வந்தது.

வைக்கோல் தீ மேலே அணையும், உள்ளே நகரும். தண்ணீரை அடித்தால் மட்டும் போதாது, பிரித்துப் போட வேண்டும். பிரித்தோம். நான்தான் முதலில் ஏறிப் பிரித்தேன், முழங்கைவரை சுட்டது. முக்கால்வாசி சாம்பலானது. மிச்சக் கால்வாசி சொட்டச் சொட்ட நனைந்து, மிதிபட்டுக் கிடந்தது. எந்த மாடும் அதைத் தின்னாது. அந்த அம்மா இரண்டு மாட்டுக் கயிற்றையும் பிடித்தபடி நின்றார். அழவில்லை.

அலுவலர் என்னிடம் வந்தார். "நனைச்சியா?"

தகுதிகாண் பருவம் முடிய எனக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. உத்தரவை மீறி, செய்ததாகப் பொய்யும் சொன்னேன் என்று எழுதினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதெல்லாம் அப்போது நிதானமாக யோசித்தேன் என்று சொல்லமாட்டேன். பயம், அவ்வளவுதான். குழாயைச் சுருட்டக் குனிந்தேன்.

"சார், அந்தத் தம்பி மேல ஒண்ணுமில்ல," என்றார் அந்த அம்மா. "நான்தேன் மத்தியானம் அடுப்புச் சாம்பல அள்ளிப் படப்பு ஓரமாக் கொட்டுனேன். கங்கு இருந்திருக்கும் போல."

அவர்கள் வீட்டுச் சாம்பல் குழி அந்தப் பக்கம் கிணற்றடியில் இருந்தது. நான் வரும்போதே பார்த்தேன். அலுவலரும் பார்த்திருப்பார். அவர் அந்த அம்மாவை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். தீயணைக்க வந்தவர்களே படப்பைக் கொளுத்தினார்கள் என்று பேப்பரில் வந்தால் அவருக்கும்தான் தலைவலி. "சரி, வண்டியில ஏறுங்க" என்றார்.

எங்கள் நிலையத்தில் என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அறிக்கை எழுதுவது என் பொறுப்பு. தீ ஏற்பட்ட காரணம் என்று அதில் ஓர் இடம் உண்டு. பெரும்பாலும் மின்கசிவு, பீடித் துண்டு, காரணம் தெரியவில்லை, இந்த மூன்றில் ஒன்றை எழுதுவோம். அலுவலர் சொல்லச் சொல்ல எழுதினேன். "வீட்டுப் பெண்மணி கவனக்குறைவாகக் கொட்டிய அடுப்புச் சாம்பலிலிருந்த கங்கு." அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்.

பத்து நாள் கழித்து அந்த அம்மா நிலையத்துக்கு வந்தார். கணவரும் கூட வந்திருந்தார். மலையிலிருந்து அன்றைக்குக் காலையில்தான் ஜீப்பில் இறங்கியிருக்கிறார். தாலுகா ஆபீஸில் நிவாரணம் கேட்க எங்கள் சான்று வேண்டும். அலுவலர் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். நான் முத்திரை குத்திக் கொடுத்தால் போதும்.

கணவர் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். "எழுத்துப் பொடிசா இருக்கு சார். எதனால பிடிச்சுச்சுன்னு போட்டிருக்கீக? கொஞ்சம் வாசிங்க."

வாசித்தேன். நான் எழுதியதை, அந்த அம்மா எதிரில் நிற்க, சத்தமாக நானே வாசித்தேன். 'கவனக்குறைவாக' என்ற இடத்தில் என் குரல் இறங்கியது எனக்கே கேட்டது.

அவர் மனைவி பக்கம் திரும்பினார். கத்தவில்லை. "ரெண்டு மாட்டையும் வித்தாச்சு. தீனிக்கு வழியில்ல. நான் அங்கன குளிர்ல கிடந்து சம்பாரிக்கிறேன், ஒனக்கு இங்கன ஒரு குத்துச் சாம்பலக் கொட்டத் தெரியல" என்றார். "எம்புட்டு வருசமா அடுப்பு எரிக்கிறவ நீயி."

"தெரியாமச் செஞ்சுட்டேன்" என்றார் அந்த அம்மா.

எனக்கு அவமானமாக இருந்தது. மாடுகள் போனதைவிட, அடுப்பு எரிக்கத் தெரியாதவள் என்ற பேச்சை அந்த அம்மா நின்று வாங்கிக்கொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல நினைத்துத் தலையைத் தூக்கினேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டார். கணவருக்குத் தெரியாமல், வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினார்.

நான் முத்திரையைக் குத்திக் காகிதத்தைக் கொடுத்தேன். பெரிய மனுசி, பாவம், என்னைக் காப்பாற்ற நினைத்தார் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மைதான். ஆனால் அன்றைக்கு அவர் தலையை ஆட்டாமல் இருந்திருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்.