படகுக்கார அக்காவின் ஐம்பது மீட்டர்

"படகு ஓட்டுற அக்காவுக்கு நீச்சலே தெரியாதாம். என் தங்கச்சி வீட்டுக்காரர் சொன்னார்," என்றார் விடுதிக்காரர், எங்கள் மேசையில் காலைக் காப்பியை வைத்தபடி.

இரண்டு நாள் விடுப்பில் அந்தப் பழைய ஆற்றங்கரை ஊரைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தோம். படகுச் சீட்டு முந்தின நாளே வாங்கியாகிவிட்டது. அயல்நாட்டுக்குப் பிழைக்கப் போன நாள் முதல் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன் நான். படகில் ஏறியதும் ஒரு லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, இன்னொன்றை மடியில் வைத்துக்கொண்டேன்.

"இன்னொண்ணு வாங்கிக் கால்லயும் மாட்டிக்குங்க," என்றாள் மனைவி.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். என் மடியைப் பார்த்துச் சிரித்தார்.

"விடுதிக்காரர் சொன்னாரா சார்?"

அசடு வழிந்தேன்.

"பழைய கதை. இருபத்திரண்டு வருஷம் தெரியாமத்தான் ஓட்டினேன். தண்ணிக்கு மேல போறதுக்குத்தானே சம்பளம், உள்ள போறதுக்கா?"

இந்த வருடம் விதி மாறிவிட்டது. ஐம்பது மீட்டர் நீந்திக் காட்டினால்தான் உரிமம் புதுப்பிப்பார்கள். பழையது இன்றோடு முடிகிறது. மூன்று மாதமாக நகராட்சி நீச்சல் குளத்தில் ஏழு வயது வாண்டுகளோடு சேர்ந்து கற்றிருக்கிறார். "ஆன்ட்டி, காலை உதைங்க!" என்று டீச்சருக்கு முன்பே அதுகள் கத்துமாம்.

"நேத்து டெஸ்ட். நாப்பதாவது மீட்டர்ல கை ஓரத்துக் கயித்துல பட்டுடுச்சு. பட்டுச்சா, பிடிச்சேனான்னு பேசி முடிவு பண்ணிட்டு மத்தியானத்துக்குள்ள போன் பண்றாங்களாம்."

"பிடிச்சீங்களாக்கா?" என்றாள் மனைவி.

"பட்டுச்சும்மா." சற்று யோசித்தார். "கொஞ்ச நேரம் பட்டுச்சு."

படகே சிரித்தது.

"ஃபெயில்னா நாளையிலேருந்து என் கொழுந்தன் ஓட்டுவான். வெள்ளத்தையெல்லாம் தாங்கின பாலம், அவன் இடிக்கிறதைத் தாங்குமான்னுதான் எனக்குக் கவலை."

பழைய பாலத்துக்கு ஐந்து வளைவுகள். மூன்றாவதற்குள் நுழையும்போது நீர் சுழித்துப் படகை இழுத்தது. அப்போதுதான் ஸ்டியரிங் பக்கத்துத் தகர டப்பாவுக்குள் போன் அடித்தது.

நான் கையை நீட்டினேன்.

"தொடாதீங்க சார்! இந்த வளைவு தாண்டட்டும்." அவருடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கை விட்டு அசையவில்லை. "வலது பக்கம் பாருங்க, கல்லுல ஒரு கோடு தெரியுதா? அதுவரைக்கும் ஒரு தடவை வெள்ளம் ஏறிச்சு." தினமும் சொல்கிற வாசகம்தான். ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

யாரும் வலது பக்கம் பார்க்கவில்லை. என் மடியிலிருந்த ஜாக்கெட் எப்போது கீழே நழுவியதோ, எனக்குத் தெரியாது. வெளிச்சத்துக்கு இன்னும் பத்தடி இருந்தது. தகர டப்பா அதிர அதிர, போன் அடித்துக்கொண்டே இருந்தது.