பத்துக் கிலோ குழந்தைக்கு ரெண்டு லிட்டர் மருந்து

குழந்தைகள் வார்டில் அவளுக்குப் பட்டப்பெயர் தராசக்கா. பதினாறு வருஷமாகப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, எடை பார்க்கும் உதவியாள். அங்கிருந்த எடை மெஷின் அரதப் பழசு, பவுண்டில்தான் காட்டும். சார்ட்டிலோ கிலோவில் எழுத வேண்டும். தராசக்கா முள்ளைப் பார்த்த மாத்திரத்தில் பாதியாக்குவாள், அதில் பத்தில் ஒரு பங்கைக் கழிப்பாள், கிலோவைச் சொல்லிவிடுவாள். நர்ஸம்மாக்களே கால்குலேட்டரை வைத்துவிட்டு அவள் வாயைப் பார்ப்பார்கள்.

அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் போன வருஷம் காலை வாரியது. நர்சிங் கல்லூரி நுழைவுத்தேர்வில் நாற்பத்துநாலு பவுண்டு எத்தனை கிலோ என்று கேட்டிருந்தார்கள். பாதி இருபத்திரண்டு, பத்தில் ஒன்று போனால் பத்தொன்பது புள்ளி எட்டு. அந்த எண்ணும் விடைகளில் இருந்தது, எந்தப் புண்ணியவான் வைத்தானோ! 2.2-ஆல் வகுத்து வரும் இருபதுதான் சரியாம். முப்பத்தைந்து மார்க் வேண்டும், வந்தது முப்பத்துநாலு.

இந்த வருஷத்தை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அப்புறம் ஆயுசுக்கும் நர்ஸ் ஆக முடியாது.

"நாப்பது வயசுல எதுக்குடி இந்த வீம்பு?" என்றார் புருஷன்.

"வீம்புதான். சாப்பாட்டை நீங்களே போட்டுச் சாப்பிடுங்க."

ஒரு கிராமுக்கு ஆயிரம் மில்லிகிராம், ஒரு லிட்டருக்கு ஆயிரம் மில்லி என்று எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினாள். எண்ணுக்குப் பக்கத்தில் கிலோவா கிராமா என்று எழுதாமல் ஒரு கணக்கும் போடுவதில்லை என்று சபதம்.

தேர்வு அன்று முப்பது கேள்வி மளமளவென்று ஓடியது. முப்பத்தொன்றாவதில் கை நின்றது. குழந்தை எடை இருபத்திரண்டு பவுண்டு. கிலோவுக்குப் பத்து கிராம் மருந்து. ஐந்து மில்லி சிரப்பில் 250 மில்லிகிராம் இருக்கிறது. எத்தனை மில்லி கொடுப்பீர்கள்? விடைகள்: 2, 20, 200, 2000.

மூன்று தடவை போட்டாள். மூன்று தடவையும் 2000. கையைத் தூக்கினாள்.

"சார், இதுல தப்பு இருக்கு. கிராம் இல்ல, மில்லிகிராமா இருக்கணும்."

மேற்பார்வையாளருக்கு எரிச்சல். "நீங்க எழுத வந்தீங்களா, திருத்த வந்தீங்களா? இருக்கிறதை வச்சுப் போடுங்கம்மா."

"போட்டா ரெண்டு லிட்டர் வருது சார். பத்துக் கிலோ குழந்தை வயித்துலயா?"

"இங்க ஏதும்மா குழந்தை? இது கணக்கு."

அவ்வளவுதான், தராசக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. மில்லிகிராம் என்று தானே வைத்துக்கொண்டு இரண்டைக் குறிக்கலாம்தான். ஆனால் டாக்டர் சீட்டில் தப்பாக எழுதினால், நர்ஸ் தானாக மனசுக்குள் திருத்திக்கொண்டு ஊற்றிவிடலாமா? கேட்டுவிட்டுத்தானே ஊற்ற வேண்டும்? அந்தக் கட்டத்தை அப்படியே காலியாக விட்டாள்.

மணி அடித்தும் அவள் எழுந்திருக்கவில்லை. ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கிப் புகார் எழுதி நீட்டினாள். "வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"இப்படிப் பண்ணா இடம் கிடைக்காதும்மா."

"கிடைக்காட்டி போகட்டும். கையெழுத்துப் போடுங்க."

ஆளை விட்டால் போதும் என்று போட்டுக்கொடுத்தார்.

வீட்டில் புருஷன் தலையிலடித்துக்கொண்டார். "2000-ன்னு குறிச்சிட்டு வர வேண்டியதுதானே? யாரு குடிக்கப் போறா?" அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, குமுறிக் குமுறி அழுதாள். பயம்தான். வேறென்ன? பதினாறு வருஷ ஆசை ஒரு கட்டத்தில் தொங்குகிறதே. மறுநாள் வழக்கம்போல வார்டுக்குப் போனாள்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. புருஷன் செல்போனும் கையுமாக அடுப்படிக்கு ஓடிவந்தார்.

"பாஸுடி! முப்பத்தஞ்சு! அந்தக் கேள்வி தப்புன்னு ஒத்துக்கிட்டாங்க. அதுக்கு எல்லாருக்கும் ஒரு மார்க் போட்டுட்டாங்க!"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்தாள். துடைத்த கை பாதியில் நின்றது.

"எல்லாருக்குமா?"

"ஆமா, எல்லாருக்கும்."

"ரெண்டு லிட்டர் ஊத்தினவங்களுக்குமா?"

"உனக்கு இடம் கிடைச்சிடுச்சுல்ல, விடேன்!"

"அதெப்படி விடறது?" என்றாள் தராசக்கா. "இன்னொரு வெள்ளைத்தாள் எடுங்க."