அப்பாவின் நெஞ்சுக்கு நான் வைத்த நாற்று

என் அப்பா இதய அறுவைச் சிகிச்சைக்குப் போகாததற்குக் காரணம் நான். ஆஸ்பத்திரிக்காரர்களிடம் பயம் என்று சொல்லி வைத்திருக்கிறார். பயமில்லை. தனக்குப் புது இதயத்தசை வளர்ந்துகொண்டிருக்கிறது என்று நம்புகிறார். நம்பவிட்டவள் நான்.

பதுளையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அந்தக் காணொளியைப் பார்த்தேன். மனித இரத்தத்தின் உயிர்க்கலங்களைக் கருவில் இருந்த நிலைக்குப் பின்னோக்கித் திருப்பி, எதுவாகவும் வளரக்கூடிய குருத்துக் கலங்களாக்கி, அவற்றிலிருந்து இதயத்தசையை உண்டாக்கியிருந்தார்கள். கண்ணாடித் தட்டில், உடம்பே இல்லாமல், அது துடித்தது... தானாகவே துடித்தது! இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், மழையில் திரும்பி நடந்தேன்.

அப்பாவின் இதயத்தசை தளர்ந்துவிட்டது. மலை ஏற முடியாததால், பூனாகலைத் தோட்டத்தின் தேயிலை நாற்றுமேடையில் லேசான வேலை. அவருக்குப் புரியும்படி நான் வேறெப்படிச் சொல்வது?

"ஒரு எலையத் தண்டோட வெட்டி நட்டா முழுச் செடியா வருதுல்லப்பா? அதே மாதிரிதான். நம்ம ரத்தத்துலேருந்தே நெஞ்சுத் தசைய வளக்குறாங்க."

"அட, அப்ப தாய்ச்செடி நான்தானா?" என்று சிரித்தார்.

நான் பதுளையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் எடுக்கப் பழகுகிறவள். அவ்வளவுதான். அந்த வாரம் இரத்தத்தில் சீனி பார்க்க அவர் கையில் ஊசி குத்தியபோது, "இது அதுக்குத்தானே பாப்பா?" என்றார்.

நான் மறுக்கவில்லை.

ஏன்? அவர் சிரித்ததனாலா? அல்லது அந்த ஒரு கணம், இதயம் வளர்ப்பவளாக இருப்பது எனக்குப் பிடித்திருந்ததா? இரண்டாவதுதான் உண்மையாக இருக்கும். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது...

மறுநாளே நாற்றுமேடை முழுக்கச் செய்தி பரவியது. "ஒங்க மக வளக்குற நெஞ்சுக்கு என்ன ஒரம் போடுறாங்கண்ணே?" என்று பெண்கள் சீண்டுவார்கள். "அதெல்லாம் லேப்பு ரகசியம்மா" என்பார் அப்பா, நிமிர்ந்து.

நெஞ்சில் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சைக்கு ஆஸ்பத்திரி தந்த நாளில் அவர் போகவில்லை. "வேர் புடிக்கிற நேரத்துல எதுக்கு நோண்டணும்?" என்றார். இப்போது கால்கள் வீங்கிவிட்டன. மூச்சு முட்டுவதால் இரண்டு தலையணை வைத்துத்தான் படுக்கிறார். மறுபடியும் ஒரு நாள் கொடுத்திருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை. இதையும் விட்டால் தாங்காது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

சொல்லாமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். நேற்றுச் சொன்னேன். "அப்பா, அங்க ஒண்ணுமே வளரலப்பா."

அவர் என் தலையைத் தட்டிக்கொடுத்தார். "நான் வெட்டி நடுறதுல எத்தன பட்டுப்போவுது தெரியுமா? இதுக்குப் போயி மொகத்தத் தொங்கப்போட்டுக்கிட்டு... திரும்ப நடு." சட்டைக் கையை மடித்துவிட்டு, கையை நீட்டினார்.

நான் இரத்தம் எடுத்தேன். ஆம், மறுபடியும் எடுத்தேன். நீங்களாக இருந்தால் அந்தக் கையை விலக்கியிருப்பீர்களா?

செடி வளர்த்தே அறியாத ஒருவரிடம் பொய் சொல்லியிருந்தால் அதை எளிதாக உடைத்திருப்பேன். பொய்யை அவருடைய தொழிலுக்குள் கொண்டுபோய் அல்லவா வைத்துவிட்டேன்! அங்கே ஒன்று பட்டுப்போனால் இன்னொன்று நடுவார்கள், யாரும் கைவிடுவதில்லை. வீட்டுக்குள் நான் எதைச் சொன்னாலும் அவர் அதற்கொரு நாற்று வைத்துவிடுவார்.

ஆகவே நாளைக் காலை, தோட்டத்து ஆட்கள் கூடி நிற்க வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நானும் போகிறேன். எல்லார் முன்னாலும், "நான் எதையும் வளக்கல. எனக்கு வளக்கத் தெரியாது. அப்பாகிட்ட பொய் சொல்லிட்டேன்" என்று சொல்லப்போகிறேன். அத்தனை பேர் கேட்டபிறகு "திரும்ப நடு" என்று அவரால் சொல்ல முடியாது. திங்கட்கிழமை அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அவர் தலை குனிவார். அந்தப் பெண்கள் யாரும் சிரிக்கமாட்டார்கள். அதுதான் அவருக்கு இன்னும் கொடுமையாக இருக்கும். அதிர்ச்சி கூடாத நெஞ்சு அது. தாங்குமா என்று எனக்குத் தெரியாது.