பீரோ அறையில் வெந்த கஞ்சி

என் மாமியாருக்கு அந்தப் பானையின் மேல் கடைசி வரை நம்பிக்கை வரவில்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கொழுந்தன் லீவில் வந்தபோது சுமந்துகொண்டு வந்த கரண்ட் பானை அது. சோறு, பருப்பு, கறி, கஞ்சி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான். ஒரே பானையில் எல்லாம் ஆகிவிடும், பக்கத்தில் நிற்கவே வேண்டாம் என்று அவன் சொல்லச் சொல்ல அத்தையின் முகம் இறுகிக்கொண்டே போனது.

"பக்கத்துல ஆளே இல்லாம வேகுதுன்னா, உள்ள என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

சமையலறைக்குள் அதை விடவே இல்லை. பீரோ இருக்கும் அறையில், ஒரு ஸ்டூலின் மேல், பழைய துண்டைப் போர்த்தி வைத்துவிட்டார். விருந்தாளி யாராவது கேட்டால் மட்டும் துண்டை விலக்கிக் காட்டுவார்.

அத்தையை மட்டும் குறை சொல்வதற்கில்லை. குன்னத்துக்குப் பக்கத்தில் மக்காச்சோளமும் வெங்காயமும் போடுகிற குடும்பம் எங்களுடையது. வானத்தை நம்ப முடியாது, வியாபாரியின் தராசை நம்ப முடியாது, விதைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் படத்தை நம்ப முடியாது. அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பிறகு எனக்கும் சந்தேகப் புத்தி தொற்றிக்கொண்டது. வரும்போதே கொண்டுவந்ததுதான் என்பார் என் கணவர்.

அத்தை ஒரு காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவர் கொட்டகையிலேயே சரிந்துவிட்டார். நெஞ்சுவலி. நாங்கள் பெரம்பலூரிலிருந்து போய்ச் சேர்வதற்குள் கூடத்தில் கிடத்திவிட்டார்கள். கொழுந்தன் விமானம் பிடித்து வந்து சேர மறுநாள் ஆகும் என்றதும் ஐஸ் பெட்டியை வரவழைத்தார்கள். அத்தையின் கழுத்துச் செயினையும் வளையல்களையும் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டிய பெரியத்தை, சாவியை என் கையில் கொடுத்தார். பெரியத்தை என்றால் என் மாமனாரின் அண்ணன் மனைவி. எழவு வீட்டில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று சொல்ல அந்தத் தெருவில் அவர்தான். சாவி கைமாறியதை அரியலூரிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் பார்த்தாள். அழுதுகொண்டேதான் பார்த்தாள், ஆனால் நன்றாகப் பார்த்தாள்.

எங்கள் ஊரில் பிணம் எடுக்கும் வரை அந்தத் தெருவில் அடுப்பு மூட்டமாட்டார்கள். இரு பக்கமும் பங்காளி வீடுகள்தான் என்பதால் ஒரு வீட்டிலும் புகை கிளம்பாது. வந்தவர்களுக்கு மெயின் ரோட்டு ஓட்டலிலிருந்து இட்லிப் பொட்டலமும் டீயும் வந்தன. எல்லோரும் சமாளித்தோம். மாமாவால்தான் முடியவில்லை. திருச்சியில் வயிற்றில் ஆபரேஷன் செய்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அத்தை காய்ச்சும் நொய்க்கஞ்சியைத் தவிர வேறு எதுவும் அவர் வயிற்றில் தங்காது. டீயைக் குடித்து வாந்தி எடுத்தார். இட்லியை வாயில் வைத்துவிட்டுத் துப்பினார். மத்தியானத்துக்கு மேல் நாற்காலியில் உட்காரவே முடியாமல் தலை தொங்கிப்போனது.

என் கணவர் திருச்சி டாக்டருக்குப் போன் போட்டார். சாயங்காலத்துக்குள் ஏதாவது ஆகாரம் உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் கூட்டிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடுங்கள் என்றாராம். படுக்க வைத்தால் மறுநாள் விடமாட்டார்கள். அத்தையை எடுக்கும்போது மாமா திருச்சியில் கிடப்பார்.

பெரம்பலூர் வீட்டுக்குப் போய்க் கஞ்சி வைத்து எடுத்து வருகிறேன் என்றேன்.

"மூத்த மருமவ எழவு வூட்ட வுட்டுப் போயி அடுப்பு மூட்டுவாளா? நல்லா இருக்குடி ஞாயம்!" என்றார் பெரியத்தை.

அப்போதுதான் துண்டு போர்த்திய பானை ஞாபகத்துக்கு வந்தது. அதில் தீ இல்லை, புகையும் இல்லை. இதுவும் அடுப்பு மூட்டியதாகுமா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். கணவரிடமும் சொல்லவில்லை. அவருக்கு முகத்தில் எதையும் மறைக்கத் தெரியாது.

சமையலறையில் நொய்யை முந்தானையில் முடிந்து இடுப்பில் சொருகிக்கொண்டேன். ஒரு சொம்புத் தண்ணீர், மடித்த காகிதத்தில் உப்பு. கூடத்தைக் கடக்கும்போது ஒவ்வொரு கண்ணும் என் இடுப்பையே பார்ப்பதாகப் பட்டது. திருட்டுப் புத்தி வந்துவிட்டால் நடையே மாறிவிடும்போல. பீரோ அறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டேன். நொய்யைப் பானையில் போட்டு, சொம்புத் தண்ணீர் முழுவதையும் ஊற்றி மூடி, பிளக்கைச் செருகிக் கஞ்சிப் பொத்தானை அழுத்தினேன். பானை 'கீக்' என்று கத்தியது. கதவிடுக்கில் தெரிந்த கூடத்து விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது. ஐஸ் பெட்டியும் இதுவும் ஒரே லைனில் ஓடுகின்றன என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்டி நின்றுபோனால் என்ன ஆகும் என்று நினைத்து, பிளக்கின் மேல் கையை வைத்துக்கொண்டே நின்றேன்.

"பாத்தீங்களா, வெளக்கு மங்குது, செத்தவதான் வந்து எட்டிப் பாத்துட்டுப் போறா," என்று பெரியத்தையின் குரல் கேட்டது. பெண்கள் புதிதாக ஒப்பாரியைத் தொடங்கினார்கள்.

பானையை நம்பி உட்கார்ந்திருப்பது பெரிய கொடுமை. உள்ளே வேகிறதா, சும்மா இருக்கிறதா என்று ஒரு சத்தமும் வராது. மூடியில் காதை வைத்துப் பார்த்தேன். அத்தை சொன்னது நியாயம்தான் என்று தோன்றியது. ஒருவழியாக வெந்து முடிந்து மறுபடி கத்தியபோது புது வில்லங்கம் வந்தது. மூடியைத் திறக்குமுன் ஆவியை வெளியே விட வேண்டும்; விட்டால் 'புஸ்' என்று தெருமுனை வரை கேட்கும். வாசலில் அடிக்கும் மேளச் சத்தத்தில் அமுங்கிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். மேளக்காரர்களோ அந்த நேரம் பார்த்து டீ குடிக்க உட்கார்ந்துவிட்டார்கள்.

கதவு தட்டப்பட்டது. நாத்தனார்.

"அண்ணி, கதவத் தொறங்க."

"துணி மாத்துறேம்மா."

"இம்புட்டு நேரமாவா? மடியில எதையோ முடிஞ்சுகிட்டுப் போனத நான் பாத்தேன். எரியிற வூட்டுல புடுங்குனது லாபம்னு நெனச்சீங்களா?"

எனக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. அவளுடைய அப்பாவுக்காகத்தான் இவ்வளவு திருட்டு வேலையும், அவளே என்னைத் திருடி என்கிறாள். தாழ்ப்பாளைத் திறந்தேன். நேராகப் போய் பீரோவின் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தாள். பூட்டியிருந்தது. சாவியை எடுத்து அவள் முன்னால் நீட்டினேன்.

"தொறந்து எண்ணிப் பாத்துக்க. அப்புறம் பேசு."

அவள் கை நீளவில்லை. அதற்குள் வாசனை அவளுக்கு எட்டியிருந்தது. பானையைப் பார்த்தாள்.

"என்னது இது?"

"உங்கப்பாவுக்குக் கஞ்சி."

"அம்மா கெடக்கையில அடுப்பு மூட்டலாமா?"

"அடுப்பு எங்க இருக்கு? காட்டு பாப்போம்."

அவள் நிஜமாகவே குனிந்து ஸ்டூலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். தீ இல்லை என்று தெரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து அவளுடைய அப்பா என்ன சாப்பிட்டார் என்று அவள் கேட்கவில்லை என்பது அந்த நிமிஷம்தான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

வெளியே பெரியத்தையின் காலடிச் சத்தம். "உள்ள என்னடி வாசன? எவ அடுப்ப மூட்டுனவ?"

நாத்தனார் எழுந்து போய்க் கதவைப் பாதி சாத்தி, இடைவெளியை உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றாள். "யாரும் மூட்டல பெரியம்மா. அம்மா பொடவய எடுத்துப் பாத்தோம், தாங்க முடியல. செத்த நேரம் தனியா வுடுங்க."

பிறகு என் பக்கம் திரும்பிக் கண்ணைக் காட்டிவிட்டு, "என்னப் பெத்த அம்மா..." என்று பெருங்குரலெடுத்தாள். நான் ஆவியைத் திறந்துவிட்டேன். பானை சீறியது. அதற்கு மேலாக அவள் அழுதாள். நடிக்கிறாளா, நிஜமா என்று எனக்குச் சந்தேகம். நடிப்பாகத்தான் தொடங்கினாள். ஆவி முழுவதும் அடங்கிய பிறகும் அவளால் நிறுத்த முடியவில்லை. நான் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டேன். அவள் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

கஞ்சியைக் கரண்டியால் மசித்து, உப்புப் போட்டு ஆற்றினேன். டம்ளரைக் கொடுத்ததும் அவள் முதலில் தான் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். எங்கள் வீட்டுப் பெண் ஆயிற்றே. பிறகு முந்தானையால் மூடி எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

மாமா கண்ணைத் திறந்து டம்ளரை முகர்ந்தார். "எந்த வூட்டு அடுப்புல வச்சது?"

"அடுப்பே மூட்டலப்பா. தம்பி வாங்கியாந்த பானையில, கரண்ட்ல வெந்தது. குடி."

பெரியத்தை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்த்துவிட்டு, சுருக்குப் பையில் பாக்கைத் தேட ஆரம்பித்தார். வெகுநேரம் தேடினார்.

மாமா ஒரு மடக்கு குடித்து நிறுத்தினார். வாந்தி வருமோ என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம். வரவில்லை. இன்னொரு மடக்கு. அப்புறம் வாயிலிருந்து டம்ளரை எடுக்காமல் மளமளவென்று முழுவதையும் குடித்தார். என் கணவர் வாசலில் போய்த் திருச்சிக்கு ஏற்பாடு செய்திருந்த காரை வேண்டாம் என்று அனுப்பினார்.

மாமா வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார். தெம்பு வந்த குரலில், "இன்னுங் கொஞ்சம் ஊத்து புள்ள," என்றார்.

டம்ளரை அவர் நீட்டியது எங்கள் பக்கம் அல்ல, அத்தை கிடந்த ஐஸ் பெட்டியின் பக்கம். நீட்டிய கை அப்படியே நின்றது. அதை வாங்க எங்களில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை.