இரண்டு விரல் மேலே போட்ட ஊசி

ஜாக்கெட்டின் வலது கைக்குள் என் கையை நுழைக்க முடியவில்லை. அதுதான் முதல் அறிகுறி.

முந்தைய நாள் கடலூரில் ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தேன். படுக்கும்போது தோள் கொஞ்சம் வலித்தது. ஊசி போட்ட இடம் வலிப்பது எனக்கென்ன புதிதா என்று தூங்கிவிட்டேன். காலையில் குளித்துவிட்டு, ஜாக்கெட்டை மாட்டக் கையைப் பின்னால் கொண்டுபோனேன். தோளுக்குள் ஆணியை வைத்துத் திருகியது மாதிரி இருந்தது. உயிர் போய்த் திரும்பி வந்தது. ஈரத் தலையோடு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் கிராம சுகாதாரச் செவிலியர். ஊரில் நர்சம்மா என்பார்கள். வீடு சிதம்பரத்தில். கொள்ளிடக் கரைப் பக்கம் ஐந்து கிராமங்கள் என் பொறுப்பு. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஊசி போட்டே பதினெட்டு வருடம் ஓட்டியவள். மொபெட் ஓட்ட, தடுப்பூசிகள் இருக்கும் குளிர்பெட்டியைத் தோளில் மாட்ட, திமிறுகிற குழந்தையின் தொடையில் ஊசியை ஆடாமல் இறக்க, எல்லாவற்றுக்கும் வலது கைதான். அந்தக் கை போனால் என் வேலையும் போனது. ஊசிக்குப் பிறகு தோள் பிடித்துக்கொண்டு, யாரும் நம்பாமல் அலைகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நடுநடுவே கோபப்படுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது 2010. பயிற்சிக் கூட்டம் என்று எங்களைக் கடலூருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு செவிலியர் எல்லாருக்கும் ஹெபடைடிஸ் பி (ரத்தத்தின் வழியாகப் பரவும் மஞ்சள்காமாலை) தடுப்பூசி. எனக்குப் போட்டவள் ஸ்டெல்லா. பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் இருப்பவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஊசி இறங்கும்போதே உள்ளே ஏதோ கடினமான ஒன்றில் இடித்த மாதிரி ஒரு சுருக். முகத்தைச் சுளித்தேன். பின்னால் வரிசை நின்றதால் எழுந்து வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் கை மார்பு உயரத்துக்கு மேல் போகவில்லை. இரண்டு வாரத்தில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் போயிற்று. சிதம்பரத்தில் ஓர் எலும்பு மருத்துவரிடம் போனேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. சர்க்கரை பார்த்தார், அதுவும் இல்லை. கடைசியில் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லிக் கழுத்துப்பட்டி கொடுத்தார். ஊசிக்கு மறுநாள் தொடங்கியது டாக்டர் என்றேன். அவர் சிரித்தார். ஊசி போடுகிற நீங்களே இப்படிச் சொன்னால் ஜனங்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டார். எனக்கும் வெட்கமாகப் போய்விட்டது. கோடை வெயிலில் கழுத்துப்பட்டியோடு ஒரு மாதம் திரிந்ததுதான் மிச்சம்.

வலியைச் சொல்லலாம். கையாலாகாத்தனத்தைச் சொல்வதுதான் கஷ்டம். தலை வார முடியாது. முதுகு தேய்க்க முடியாது. அலமாரியின் மேல்தட்டு எனக்கில்லை. என் கணவர் ஒரு பள்ளியில் எழுத்தர். அவர்தான் தினமும் சடை பின்னிவிட்டார். கண்ணாடியில் பார்த்தால் கயிறு முறுக்கிய மாதிரி இருக்கும். "இருவது வருஷமா ஃபைல் கட்ற கை, சடையும் அப்பிடித்தான் வரும்" என்பார். சிரிப்பு வரும், சிரித்தால் தோள் வலிக்கும்.

விடுப்பு கரைந்துகொண்டே வந்தது. கை சரியாகாவிட்டால் களப்பணிக்கு வேறு ஆள் போட்டுவிட்டு, என்னைப் பதிவேடு எழுத உட்கார வைக்கலாம் என்று மேலதிகாரி சொல்லியனுப்பினார். எழுதவும் அதே கைதான் வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. எனக்கு ஸ்டெல்லாமீது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தோள் எலும்பு முனையிலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளிக் கீழே போட வேண்டும் என்பது முதல் வருடப் பாடம். அதுகூடத் தெரியாதா இவளுக்கு? அவளிடமிருந்து ஒரு போன்கூட இல்லை. புகார் எழுதிக் கொடு என்றார் கணவர். நான் சொல்லச் சொல்ல அவரே ஒன்றரைப் பக்கம் எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டு என் கைப்பையில் வைத்தார்.

கடலூரில் ஒரு மருத்துவரைப் பற்றி யாரோ சொன்னார்கள். பேருந்தில் உட்கார இடமில்லை. மேல்கம்பியைப் பிடிக்க வலது கை எழவில்லை. இடது கையால் இருக்கை முதுகைப் பிடித்து, ஒவ்வொரு பிரேக்குக்கும் பல்லைக் கடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். அந்த மருத்துவர் ஐம்பது வயதுப் பெண்மணி, பேச்சு குறைவு. நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் உடலின் உட்பகுதியைப் படமெடுக்கும் முறை) எடுத்துவரச் சொன்னார். அடுத்த வாரம் அந்தப் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எங்க போட்டாங்க? அன்னிக்கு உக்காந்த மாதிரியே உக்காந்து காட்டுங்க."

நாற்காலியில் உட்கார்ந்தேன். இடது கையால் ஜாக்கெட்டின் கழுத்தைப் பிடித்து, வலது தோள் தெரிகிற அளவுக்கு வெளிப்பக்கமாக இழுத்துக் காட்டினேன்.

"ஏன் மேலேருந்து எறக்கறீங்க? கீழேருந்து சுருட்டலியா?"

"முழங்கை வரைக்கும் கை வெச்ச ஜாக்கெட் டாக்டர், இறுக்கமா இருக்கும், மேல ஏறாது. எடது பக்கம்னா முந்தானைய எடுக்கணும். சுத்தி ஆம்பளைங்க வேற. அதனால பொம்பளைங்களுக்கு இந்தப் பக்கந்தான், கழுத்த எறக்கிட்டுப் போட்டுடுவோம்."

"போட்டுடுவோம்னா? நீங்களுமா?"



அவர் ஜாக்கெட்டிலிருந்து கையை எடுக்கச் சொல்லி, ஊசி போட்ட இடத்தில் ஒன்று, போட வேண்டிய இடத்தில் ஒன்று என்று பேனாவால் என் தோளில் இரண்டு புள்ளி வைத்தார். ஜாக்கெட் கழுத்தை எவ்வளவு இழுத்தாலும் தெரிவது தோளின் உச்சி மட்டும்தான். போட வேண்டிய இடம் அதற்கும் கீழே, ஜாக்கெட்டுக்குள்ளேயே மறைந்துவிடும். இரண்டு புள்ளிக்கும் நடுவே என் விரல்கள் இரண்டு அடங்கின. தசைக்குள் போக வேண்டிய மருந்து பர்சாவுக்குள் (எலும்பும் தசைநாரும் உராயாமல் காக்கும் சிறு திரவப் பை) போயிருக்கிறது. அதில் அழற்சி வந்து, தோள்மூட்டு இறுக்கம் (மூட்டைச் சுற்றிய உறை தடித்துக் கை அசையாமல் போவது) வரை வந்துவிட்டது. மருந்தில் குற்றமில்லை, இடத்தில்தான் என்றார். அடுத்த தவணையைக் கட்டாயம் போட்டுக்கொள்ளச் சொன்னார், சரியான இடத்தில். இதைப் படிக்கிற நீங்களும் ஊசிக்குப் பயந்து ஓடாதீர்கள். கையை முழுக்கக் காட்டுங்கள், அது போதும்.

திரும்பும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. ஆனால் உட்கார முடியவில்லை. பதினெட்டு வருடமாக எத்தனை பெண்களின் ஜாக்கெட் கழுத்தை இழுத்திருப்பேன்? பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு ஆகியிருக்கிறதே.

மறுநாள் ஸ்டெல்லாவை வரச்சொன்னேன். வந்தவள் உட்காரவில்லை. முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு மாதமாக உங்களைப் பார்க்கவே பயமாக இருந்தது என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நீங்கதானேக்கா இழுத்துக் காட்டி, சீக்கிரம் போடுன்னீங்க. நான் வேலைக்கு வந்த புதுசுல உங்ககூட கேம்ப்புல நின்னுதான் இப்பிடிப் போடவே கத்துக்கிட்டேன்."

அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. புகார்க் கடிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. கணவருக்கு அதில் வருத்தம்தான். யார் பெயரை எழுதுவது என்று கேட்டேன், அவர் உள்ளே போய்விட்டார்.

சிகிச்சை தொடங்கியது. மூட்டுக்குள் ஸ்டீராய்டு (அழற்சியைத் தணிக்கும் மருந்து) ஊசி ஒன்று. ஊரெல்லாம் ஊசி போட்டவள், அன்று மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். வலி பாதியாகக் குறைந்தது. அதற்குப் பிறகு பயிற்சிதான். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டுச் சின்ன வட்டமாக ஆட்ட வேண்டும். சுவரில் விரல்களை நடக்கவிட்டு மேலே ஏற்ற வேண்டும். விரல் போய் நின்ற உயரத்தில் கணவர் பென்சிலால் கோடு போடுவார். சில வாரம் ஒரே கோட்டின் மேலேயே கோடு விழுந்து சுவர் கறுத்துப்போகும். அந்த நாட்களில் நான் யாரிடமும் நல்ல வார்த்தை பேசியதில்லை.

ஒருநாள் அப்படிச் சுவரில் விரல் நின்றுவிட்டபோது, எனக்கு அஞ்சலை நினைவுக்கு வந்தாள்.

என் கிராமங்களில் ஒன்றில் இருக்கிற பெண். நடவு வேலைக்குப் போகிறவள். மூன்று வருடத்துக்கு முன் முதல் பிள்ளை உண்டானபோது டி.டி. (ரணஜன்னித் தடுப்பூசி) போட்டேன். அதற்கு அடுத்த வாரமும், அடுத்த மாதமும், குழந்தை பிறந்த பிறகும் வந்து, கை தூக்க முடியவில்லை என்றாள். ஒத்தடம் கொடு என்றேன். மூன்றாம் தடவை எரிந்து விழுந்தேன். வேலைக்குச் சோம்பிக்கொண்டு ஊசியைச் சாக்குச் சொல்லாதே என்றேன். பக்கத்தில் அவள் மாமியார் நின்றிருந்தார். அதன்பிறகு அஞ்சலை கையைப் பற்றிப் பேசியதே இல்லை. பேசாததால் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

அவளைப் போய்ப் பார்த்து உண்மையைச் சொல்ல வேண்டும். போகலாமா வேண்டாமா என்று பத்து நாள் மருகினேன். போனால் ஊர் முழுக்கத் தெரியும். நாளைக்கு என்னிடம் யார் பிள்ளையைக் கொடுப்பார்கள்? கை திரும்பினாலும் பேர் போய்விட்டால் அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எந்தக் கைக்காக இத்தனை பாடுபட்டேனோ, அதை நானே தூக்கிக் கொடுக்கிற காரியம் அது. கணவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. மொபெட்டை அவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து போனேன்.

அஞ்சலை வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொடி அவள் இடுப்பு உயரத்தில் கட்டியிருந்தது. வலது கையைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். தோள் மட்டத்துக்குக் கீழேயே நின்றுவிட்டது, அதற்கே உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அந்தச் சாய்வு எனக்குத் தெரியும். ஏழு மாதமாக நானும் அப்படித்தான் சாய்ந்துகொண்டிருந்தேன்.

நின்றபடியே சொல்லிவிட்டேன். நான் போட்ட ஊசியால்தான், நான் தப்பான இடத்தில் போட்டேன், எனக்கும் இப்போது அதே வந்திருக்கிறது என்றேன். அழுகை வந்தது. திட்டுவாள், இல்லையென்றால் போகட்டும் விடுங்கள் என்பாள் என்று இரண்டுக்கும் தயாராக இருந்தேன். அவள் ஈரத்துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

"அப்ப நான் பொய் சொல்லல."

"இல்லம்மா. நீ பொய் சொல்லல."

"அத எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது நர்சம்மா? உள்ள எங்க மாமியா இருக்காங்க. அவுங்ககிட்ட வந்து சொல்லுங்க."

உள்ளே போனேன். மாமியார் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன், இந்த முறை அழாமல். முறம் நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை, நிலைப்படியில் நின்ற மருமகளையே பார்த்தார்.

"நடவுல நாத்துக் கட்ட சரியா வீசலன்னு ஊரே பேசிச்சு. எம்மவன் கை நீட்டுனான். நானுந்தான் பேசுனேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொன்னீங்கன்னுதான பேசுனேன்."



அஞ்சலையைக் கடலூர் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். ஆறு மாதம் பயிற்சி. கை தோளைத் தாண்டி ஒரு சாண் ஏறியது. மூன்று வருடம் இறுகிய மூட்டு இவ்வளவுதான் விடும் என்றார் மருத்துவர். எனக்குப் பதினோராவது மாதம் கை உச்சியைத் தொட்டது. வேலைக்குத் திரும்பிவிட்டேன். சில வீடுகளில் என்னைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். சாத்தட்டும். இப்போது அறை மூலையில் ஒரு திரை கட்டி, பெண்களை ஜாக்கெட்டிலிருந்து கையை வெளியே எடுக்கச் சொல்லி, எலும்பைத் தொட்டு விரல் வைத்து அளந்துதான் போடுகிறேன். மத்தியானத்துக்குள் முடிந்த வேலை சாயங்காலம்வரை இழுக்கிறது. அப்படி என்ன வெட்டி முறிக்கிறீர்கள் என்று மேலதிகாரி கேட்கிறார். ஒரு கைக்கு நாலைந்து நிமிடம் கூடுதலாகப் போகிறது, அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் தோள் இன்னும் இறுகும். கையைத் தூக்குவதற்கு முன் ஒரு கணம் தயங்கி, போகுமா என்று உடம்பைக் கேட்டுவிட்டுத்தான் தூக்குகிறேன். முன்பெல்லாம் கேட்காமலே தூக்கினேன். என் வலி பதினோரு மாதம். அதற்கு மருத்துவர் இருந்தார், படம் இருந்தது, விடுப்பு இருந்தது, நோய்க்கு ஒரு பெயர் இருந்தது. அஞ்சலையின் மூன்று வருடத்துக்கு இருந்த ஒரே பெயர் சோம்பேறித்தனம். அந்தப் பெயரை வைத்தவள் நான்.