தலைவலித் தைலம்

எண்பதுகளின் கடைசியில், தாம்பரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், அசோகப் பட்டையை ஆல்கஹாலில் கொதிக்கவைத்துச் சாரம் எடுத்துக்கொண்டிருந்தேன். புதிதாக வயதுக்கு வந்த பெண்களின் மாதாந்திர வலிக்கு மருந்து தேடும் ஆராய்ச்சி. ஆவியைக் குளிரவைக்கும் தண்ணீர் நின்றால் தீப்பிடித்துவிடும். தாம்பரத்துக் குழாயை நம்பி யார் எழுந்து போவது? அன்று எனக்கே அந்த வலி. ஸ்டூலில் சுருண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆராய்ச்சித் தலைப்பைக் கொடுத்த பேராசிரியர் உள்ளே வந்தார். அந்த வலியைப் பற்றி ஆங்கிலத்தில் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"தலைவலி சார்."

வீட்டில் அப்பாவிடம் மாதாமாதம் சொல்கிற அதே தலைவலி.

நம்பினாரோ, நடித்தாரோ, தைலம் கொண்டுவந்து நீட்டிவிட்டு அங்கேயே நின்றார். வயிற்றைப் பிடித்திருந்த கையை எடுத்து, தைலத்தை நெற்றியில் தேய்த்துக்கொண்டேன்.