பெரிய டயர் போட வந்தவர்கள்

செருப்புக் கடைக்கு வருகிறவர் தன் காலைப் பார்த்து சைஸ் கேட்பார். டயர் கடைக்கு வருகிறவர் அடுத்தவர் ஜீப்பைப் பார்த்து சைஸ் கேட்பார். அலுவிகாரையில் மெயின் ரோட்டோரம் பதினாறு வருஷமாக டயர் கடை வைத்திருக்கிறேன். லொறி, வான், ஓட்டோ எல்லாம் வரும். அவர்களால் ஒரு தொல்லையும் இல்லை. தேய்ந்ததைக் கழற்றிவிட்டு அதே அளவில் புதிதைப் போட்டால் போய்விடுவார்கள். பெரிய ஜீப் வைத்திருப்பவர்கள்தான் வேறு ஜாதி. கம்பெனி போட்டு அனுப்பிய டயர் அவர்கள் கண்ணுக்கு எப்போதும் சின்னதாகவே தெரியும். காட்டுக்குள் போகிற டயர் வேண்டும் என்பார்கள். போவதென்னவோ மாத்தளை மார்க்கட்டுக்குத்தான். கடையில் நின்று எதையாவது விற்றுப் பிழைக்கிற உங்களுக்கும் இப்படி ஆட்கள் வாய்த்திருப்பார்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

என்னோடு வேலை செய்பவர் சுனில். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். அதிகம் பேசமாட்டார். ஒரு டயர் பொருந்தாது என்றால் தலையை மட்டும் ஆட்டுவார்.

அரை இஞ்சி

கைகாவலையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் வரதன் ஒருநாள் காலையில் ஜீப்போடு வந்தார். சட்டைப் பையிலிருந்து சுருட்டி வைத்த நூல் ஒன்றை எடுத்து நீட்டினார். ஒரு முனையில் முடிச்சுப் போட்டிருந்தது. "தரையில இருந்து பொனட் வரைக்கும் இந்த நூலை விட உசரமா வரணும். அதுக்கு ஏத்த டயர் போடுங்க" என்றார்.

அது யாருடைய உயரம் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். தம்புள்ளையில் இருக்கும் அவருடைய மச்சான் புது ஜீப் வாங்கியிருக்கிறார். மச்சான் மகளின் சடங்கு வீட்டில் எல்லோரும் உள்ளே ஆலாத்தி எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், இவர் வெளியே வந்து ஜீப்புக்குப் பக்கத்தில் குந்தி அளந்திருக்கிறார். யாரோ எட்டிப் பார்த்து என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, பட்டுவேட்டியைத் தட்டிவிட்டு, மோதிரம் விழுந்துவிட்டது என்று சொன்னாராம். அந்த ஆள் பாவம், அவரும் குனிந்து மோதிரம் தேடினாராம்.

நூலைப் பிடித்து அளந்தோம். வரதனின் ஜீப் அதைவிட அரை இஞ்சி தாழ்வு. முப்பத்தொன்று இருக்கும் இடத்தில் முப்பத்து மூன்று இஞ்சி டயர் போட்டால் வண்டி ஒரு இஞ்சி உயரும். "அப்படிப் பார்த்தாலும் மச்சானை விட அரை இஞ்சிதான் கூடும்ண்ணே. பக்கத்துல நிறுத்தினாக்கூட ஒருத்தருக்கும் தெரியாது" என்றேன். வரதன் நூலைப் பத்திரமாகச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார்.

"அரை இஞ்சி போதும் செல்வம். அவனுக்குத் தெரியாட்டியும் பரவால்ல, எனக்குத் தெரிஞ்சா சரி."

சிவப்பு ஸ்டூல்

வங்கியில் வேலை செய்யும் ஒருவர் ஜீப்பை இரண்டு இஞ்சி தூக்கி, அதற்கு மேல் பெரிய டயரும் போட்டுக்கொண்டு சந்தோஷமாகப் போனார். வீட்டில் சொல்லவில்லை போலிருக்கிறது. அடுத்த சனிக்கிழமை அதே ஜீப் கடைக்கு முன்னால் வந்து நின்றது. அவர் இறங்கி, சுற்றி வந்து, இடது பக்கக் கதவைத் திறந்து, பின் சீட்டிலிருந்து ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துக் கீழே வைத்தார். சேலை கட்டிய அவர் மனைவி அதில் கால் வைத்து இறங்கினார். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் உப அதிபர். இறங்கிய விதத்திலேயே அது தெரிந்தது.

முந்தின நாள் மாரியம்மன் கோயில் வாசலில், அத்தனை சனத்துக்கு முன்னாலும் இதே ஸ்டூலை வைத்துத்தான் ஏறி இறங்கினேன் என்றார் டீச்சர். தெரிந்த பிள்ளைகள் நான்கு பேர் நின்று வணக்கம் சொன்னார்களாம். கணவர் சுவரில் மாட்டியிருந்த டயர் படங்களைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் பதறிப்போய், "ஃபுட்போர்ட் இருக்கு டீச்சர். இப்பவே போட்டுருவோம், இனி ஸ்டூலே தேவைப்படாது" என்றேன். டீச்சர் ஜீப்பைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார், கடைசியில் கணவரைப் பார்த்தார்.

"ஃபுட்போர்டைப் போடுங்க தம்பி, ஆனா ஸ்டூல் உள்ளேயே இருக்கட்டும். கல்யாணம் கட்டி இருபத்திரண்டு வருஷத்துல இப்பத்தான் இவரு எனக்குக் கதவு திறந்து விடுறாரு."

அறுபதும் அறுபத்தெட்டும்

ரோஷன் ஹோட்டல் ஒன்றில் மெனேஜர். இளம் ஆள், சிங்களவர். ஜீப்பில் பெரிய டயரைப் போட்டுக்கொண்டு போய், நாவுலைப் பக்கம் கூடுதல் வேகத்தில் ஓட்டியதாகப் பொலிசில் அகப்பட்டுவிட்டார். தண்டச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். மீட்டரில் அறுபதுதான் காட்டியதாம், பொலிஸ் மெஷினில் அறுபத்தெட்டாம். டயரை மாற்றியது நான்தான், அதனால் சீட்டு எனக்குத்தான் சேரவேண்டும் என்பது அவர் கட்சி.

டயர் எத்தனை தடவை சுற்றுகிறது என்று எண்ணித்தான் மீட்டர் வேகம் காட்டுகிறது. டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் ஓடும், மீட்டருக்கு அது தெரியாது. அதையும் சரிசெய்துகொள்ள வேண்டும் என்று டயர் போட்ட அன்றே சொல்லியிருந்தேன். அப்போது ரோஷன் வீலுக்குப் பக்கத்தில் படுக்காத குறையாகக் குனிந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். சுனில் தலையை ஆட்டிச் சாட்சி சொன்னார். கோபம் தணிந்து தேத்தண்ணி குடிக்கும்போது, இதே விளக்கத்தைத்தான் பொலிஸ் சார்ஜனிடம் சொல்லிப் பார்த்ததாக ரோஷனே ஒப்புக்கொண்டார். சார்ஜன் பொறுமையாகக் கேட்டு, ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, தம்பியிடம் பேசுவதுபோலச் சொன்னாராம்:

"டயர் நல்லாயிருக்கு மல்லி. ஆனா மீட்டருக்கு எழுத என்கிட்ட சீட்டு இல்ல, ஓட்டுற ஆளுக்கு எழுதத்தான் இருக்கு."

மாட்டு டொக்டர்

என்ன டயர் வேண்டும் என்று தெரிந்துகொண்டே வந்தவர் இத்தனை வருஷத்தில் ஒரே ஒருத்தர்தான். மாட்டு டொக்டர். மெலிந்த, குட்டையான பெண்மணி. லக்கலைப் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் மழையிலும் சேற்றிலும் ஓட்டிக்கொண்டு போகிறவர். நான் வழக்கம்போலக் கடையில் இருப்பதிலேயே அகலமான டயரை உருட்டிக்கொண்டு வந்து காட்டினேன். அவர் வேண்டாம் என்றார். உயரம் கொஞ்சம் கூடலாம், அகலம் கூடக்கூடாது. அகல டயர் சேற்றுக்கு மேலேயே மிதக்கும், ஒடுக்கமானதுதான் சேற்றை வெட்டிக்கொண்டு அடியில் உள்ள தரையைப் பிடிக்கும் என்றார். பிறகு ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடிக்கச் சொன்னார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று டோர்ச் அடித்துப் பார்த்தேன்.

அவர் என்னைத் தள்ளிவிட்டு, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து, முழுக் கையையும் உள்ளே விட்டுத் துழாவினார். கிரீஸும் மண்ணுமாக வந்தது. "டொக்டர், கை அழுக்காகிருமே" என்றேன். சுனில் அவசரமாகத் துணி எடுத்து வந்து கொடுத்தார்.

"மாட்டுக்குள்ளேயே கையை விட்டுப் பாக்குறேன், டயருக்குப் பின்னால விடமாட்டேனா?"

வளைவில் நின்றது

இதைச் சொல்ல எனக்கு இன்னும் கொஞ்சம் கூச்சம்தான். ஹனீபா நானா மிளகு வியாபாரி. நான் கடை திறந்த நாளிலிருந்து என்னிடம்தான் டயர் வாங்குகிறார். போனில் ஏதோ படத்தைப் பார்த்துவிட்டு முப்பத்தைந்து இஞ்சி வேண்டும் என்று வந்தார். "முப்பத்து மூணுக்கு மேல இந்த வண்டிக்குச் சரிவராது நானா" என்றேன். சுனில் தலையை ஆட்டினார். "போடுங்க தம்பி, நான் பாத்துக்கிறேன்" என்றார் நானா. பழகிய முகம், மறுக்க மனம் வரவில்லை. போட்டோம். கடைக்கு முன்னால் சமதரையில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்தேன். நூலிழையில் தப்பியது, தட்டவில்லை. வண்டியில் ஆள் ஏறினால் அமுங்கும், அமுங்கினால் தட்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆளை ஏற்றிப் பார்க்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் போன் வந்தது. நானா குடும்பத்தோடு ரிவர்ஸ்டன் மலை பார்க்கப் போயிருக்கிறார். பிள்ளைகள், மருமகன் என்று வண்டியில் ஏழு பேர். பனிமூட்டம். கொண்டை ஊசி வளைவில் முழுக்க ஒடித்த நேரம் முன் டயர் ஒரு குழியில் இறங்கியிருக்கிறது. டயர் உள் மட்கார்டைக் கிழித்து இழுத்துச் சுற்றிக்கொள்ள, ஸ்டியரிங் பாதியில் இறுகிவிட்டது. நானா பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டார். "எல்லாரும் எறங்கிட்டோம், ஒருத்தருக்கும் ஒன்னுமில்ல. வீல் திரும்ப ஏலாது தம்பி" என்றார். சத்தம் கூட்டாமல்தான் சொன்னார்.

நல்லவேளை, நானாவின் வண்டியில் கழற்றிய பழைய வீல்களை விற்காமல் வைத்திருந்தேன். அவற்றைக் கடை வானில் ஏற்றிக்கொண்டு நானும் சுனிலும் ரத்தோட்டை வழியாக ஏறினோம். வளைவுக்குப் போனபோது முதலில் பார்த்தது முன் வீலைத்தான். ரோட்டு விளிம்புக்கும் அதற்கும் நடுவில் என் கையால் ஒரு முழம் இருந்தது. அதற்குக் கீழே வெள்ளையாகப் பனி, வேறொன்றும் தெரியவில்லை. பிள்ளைகள் மலைப் பக்கமாக ஒரு பாறைக்கடியில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

திட்டுவார் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். நானா ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "என் பிழை தம்பி, நீங்க சொன்னீங்க, நான்தான் கேக்கல்ல" என்றார். "இல்ல நானா, என் பிழை. ஆளை ஏத்திப் பார்த்திருக்கணும், பார்க்கல" என்றேன். அவர் விடவில்லை, நானும் விடவில்லை. சுனில் ஜெக்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்து நின்றார். கடைசியில் நானாவின் மனைவி பரீதா ராத்தா, முக்காட்டை இழுத்துச் சொருகிக்கொண்டு எங்களுக்கு நடுவில் வந்து நின்றார்.

"யார் பிழைன்னு கீழ போய் ஆறுதலா பேசி முடிங்க. இப்ப வீலைக் கழட்டுங்க, புள்ளைங்க குளிருல விறைச்சு நிக்கிறாங்க."

ஆள் ஏற்றிப் பார்ப்பது

அன்றிலிருந்து கடையில் ஒரு சட்டம். பெரிய டயர் போட்டால், வண்டி நிறைய ஆள் ஏற்றி, குழி விழுந்த ரோட்டில் ஓட்டி, இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுப்பேன். எங்கேயாவது தட்டினால் கழற்றிவிடுவேன். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. போகட்டும்.

ஆளுக்கு எங்கே போவது? கடைக்கு எதிரே பஸ் தரிப்பிடம் இருக்கிறது. ஒருநாள் கண்டியிலிருந்து வந்த ஒருவருடைய ஜீப்புக்கு டயர் போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் போய்க் கேட்டேன். நான்கு பேர் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். கூடவே ஒரு அம்மா, சந்தையில் வாங்கிய இரண்டு பெரிய பலாக்காயும் ஒரு மூட்டை மரக்கறியுமாக ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். பாரத்துக்குப் பாரம், எனக்கு மெத்தச் சந்தோஷம்.

ஓட்டிக்கொண்டு போனேன். குழியில் இறக்கினேன், ஏற்றினேன், ஒடித்தேன். எங்கும் தட்டவில்லை. திருப்புவதற்கு நல்ல இடம் தேடியபோது அந்த அம்மா, "இன்னும் கொஞ்சம் போங்க, அங்க தாராளமா எடம் இருக்கு" என்றார். போனேன். "அந்தப் பெரிய மரத்தைத் தாண்டினா ரோட்டு இன்னும் மோசம், நல்லா டெஸ்ட் பண்ணலாம்" என்றார். அதுவும் சரிதான் என்று போனேன். ஒரு வீட்டுப் படலைக்கு முன்னால் நிறுத்தச் சொன்னார். உள்ளிருந்து அவருடைய நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தபோதுதான் எனக்கு விளங்கியது. பலாக்காயை நான்தான் இறக்கிக் கொடுத்தேன். அந்த அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு, டயரை ஒருமுறை பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார்.

"நல்ல டயர் மகன். வார புதன்கிழமையும் யாராச்சும் மாத்துவாங்களா? அன்னிக்கு எனக்கு அரிசி மூட்டை இருக்கு."

இவ்வளவும் பட்ட பிறகும், எனக்கென்று ஒரு ஜீப் வாங்கும் நாள் வந்தால் கடையில் இருப்பதிலேயே பெரிய டயருக்குத்தான் நானும் ஆசைப்படுவேன் என்பதை என் வாடிக்கையாளர்களிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.